அரசு ஊழியர் ஊதியமும் ஓய்வூதியமும்: தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஓய்வூதியத் திட்டம் என்கிறார்களே, அதில் அப்படி என்னதான் இருந்தது?

2003 மார்ச் 31 வரை பணியில் சேர்ந்தவர்களுக்குத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978 பொருந்தும். முழுப் பணிக்காலமான 30 ஆண்டுகளை முடித்தவருக்குக் கடைசியாக வாங்கிய அடிப்படை ஊதியத்தில் பாதி மாதந்தோறும் வரும். பத்தாண்டு முடித்திருந்தால் அதற்குரிய விகிதத்தில் கிடைக்கும். விலைவாசியை ஈடுகட்டத் தரும் அகவிலைப்படி உயரும்போதெல்லாம் ஓய்வூதியமும் உயரும், ஊதியக் குழு வந்தால் ஓய்வூதியமும் திருத்தப்படும். ஓய்வு பெறும் நாளில் பணிக்கொடை என்ற மொத்தத் தொகை உண்டு. ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். இதைக் கம்யூடேஷன் என்பார்கள். அவர் இறந்தால் மனைவிக்கோ கணவருக்கோ குடும்ப ஓய்வூதியம். 80 வயதைத் தாண்டினால் கூடுதலாக 20 சதவீதம், 100 வயதைத் தொட்டால் இருமடங்கு.

இதற்காக ஊழியரின் சம்பளத்தில் ஒரு பைசாகூடப் பிடிக்கப்படவில்லை. சம்பளத்தில் பிடித்தது வருங்கால வைப்பு நிதிக்கு. அது அவருடைய சொந்தச் சேமிப்பு.

அப்படியானால் அது அரசு போடும் கருணைத் தொகைதானே?

இல்லை. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தக் கேள்வியை முடித்துவைத்தது. ஓய்வூதியம் அரசின் தயவு அல்ல, ஊழியர் முன்பே செய்து முடித்த வேலைக்கான கொடுப்பனவு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆண்டுதோறும் டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது அதனால்தான். பணியில் இருக்கும்போது வாங்க வேண்டிய கூலியில் ஒரு பகுதியைத் தள்ளிவைத்து முதுமையில் வாங்குகிறார் என்று பார்த்தால் பல குழப்பங்கள் தீரும்.

பிறகு ஏன் நிறுத்தினார்கள்?

தள்ளிவைத்த கூலி என்று சொன்னாலும், அந்தக் கூலியை யாரும் எங்கேயும் எடுத்துவைக்கவில்லை. அந்தந்த ஆண்டின் ஓய்வூதியம் அந்தந்த ஆண்டின் வரி வருவாயிலிருந்து போனது. ஓய்வூதியர் எண்ணிக்கையும் ஆயுளும் கூடக்கூட அந்தத் தலைப்பின் செலவு வளர்ந்துகொண்டே போனது. ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பின் பல மாநிலங்களின் கருவூலம் திணறியது.

தமிழ்நாட்டில் அது நடந்த விதம் இன்னும் பலருக்குக் காயமாக இருக்கிறது. 2003 ஜூலையில் சலுகைப் பறிப்புகளை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் டெஸ்மா சட்டத்தின் கீழ் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் ரங்கராஜன் வழக்கில் தீர்ப்பளித்தது 2003 ஆகஸ்டில். ஊழியர் சம்பளத்திலும் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கான அரசாணை வந்ததும் அதே ஆகஸ்டில்தான். அதை ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு முன்தேதியிட்டுப் பொருத்தினார்கள். எதிர்த்துப் பேசும் நிலையில் அப்போது எந்தச் சங்கமும் இல்லை. பெரும்பாலானோர் பின்னர் பணியில் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். அரசாணை அப்படியே நின்றது.

பங்களிப்பு ஓய்வூதியமும் ஒன்றிய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டமும் ஒன்றா?

பலரும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். பிடித்தம் மட்டும்தான் ஒரே மாதிரி, மற்றது வேறு.

ஒன்றிய அரசு 2004 ஜனவரி 1 முதல் கொண்டுவந்த திட்டத்தில் பணம் ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் நிதி மேலாளர்களிடம் போய்ச் சந்தையில் முதலீடாகிறது. ஊழியர் பங்கு 10 சதவீதம். அரசின் பங்கை 2019இல் 14 சதவீதமாக உயர்த்தினார்கள். ஓய்வின்போது 60 சதவீதம் வரை கையில் வாங்கிக்கொண்டு, மீதியில் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திடம் மாத வருவாய்த் திட்டம் வாங்க வேண்டும்.

தமிழ்நாடு அந்த ஆணையத்தில் சேரவே இல்லை. ஊழியரின் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி இரண்டையும் சேர்த்து 10 சதவீதம் பிடித்தார்கள், அரசு தன் பங்காக இன்னொரு 10 சதவீதம் வரவு வைத்தது, வருங்கால வைப்பு நிதிக்குத் தரும் அதே வட்டியைக் கொடுத்தது. ஓய்வு பெற்றால் மொத்தத் தொகையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மாத ஓய்வூதியம் இல்லை. பணிக்கொடையும் இல்லை. பெயரில் ஓய்வூதியம் இருந்ததே தவிர, இருபதாண்டுகளுக்கும் மேலாக அதில் யாருக்கும் ஓய்வூதியம் வரவில்லை. இதைவிடக் கடுமையான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

நிதி மாநிலத்தின் கையிலேயே இருந்தது மட்டும் பின்னால் நன்மையாக முடிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

ஒரு மாதிரிக் கணக்கு. கடைசி அடிப்படை ஊதியம் 60,000 ரூபாய், அகவிலைப்படி 58 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

பழைய திட்டத்தில் ஓய்வூதியம் 30,000, அதன்மேல் அகவிலைப்படி 17,400. மாதம் 47,400 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது உயரும்.

பங்களிப்புத் திட்டத்தில் இதே ஊழியருக்கு மொத்தமாக 30 லட்சம் கிடைத்தது என்று வைப்போம். அதை அப்படியே 7.1 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் 17,750 ரூபாய். அந்தத் தொகை உயராது. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், பதினைந்தாம் ஆண்டில் அந்த 17,750க்கு இன்றைய மதிப்பில் சுமார் 8,500 ரூபாய்க்கான பொருள்தான் வாங்க முடியும். இது மகள் திருமணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் மருத்துவமனைக்கும் அந்த 30 லட்சத்திலிருந்து எதுவும் எடுக்காமல் இருந்தால். அப்படி எடுக்காத குடும்பம் எது?

ஆக, எத்தனை ஆண்டு உயிரோடிருப்போம், விலைவாசி எவ்வளவு ஏறும், வட்டி எவ்வளவு இறங்கும் என்ற மூன்று கவலைகளும் பழைய முறையில் அரசின் தலையில் இருந்தன. 2003 அரசாணை மூன்றையும் தனி மனிதர் தலைக்கு மாற்றியது. அறுபது வயதுக்காரர் ஒருவர் தனியாகத் தாங்கக்கூடிய கவலைகள் அல்ல அவை. லட்சக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்தால் சராசரி ஆயுளைக் கணிக்கலாம். ஒருவரின் ஆயுளை அவரால் கணிக்க முடியாது. உறுதியான ஓய்வூதியம் வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

ஆனால் அரசிடம் பணம் எங்கே இருக்கிறது? வருவாய் எல்லாம் சம்பளத்துக்கே போகிறதே?

நியாயமான கேள்வி. சங்க மேடைகளில் இதைத் தட்டிக்கழிப்பது சரியல்ல. 2025-26 வரவு செலவுத் திட்ட மதிப்பீட்டில் மாநிலத்தின் வருவாய் வரவு சுமார் 3.3 லட்சம் கோடி ரூபாய். அதில் ஊதியத்துக்குச் சுமார் 90,000 கோடி, ஓய்வூதியத்துக்குச் சுமார் 41,000 கோடி, வட்டிக்குச் சுமார் 70,000 கோடி. ஊதியமும் ஓய்வூதியமும் சேர்ந்தால் வருவாயில் 40 சதவீதத்தை ஒட்டி வருகிறது.

இந்தக் கணக்கைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. ஊதியச் செலவு என்பது தலைமைச் செயலகத்து மேசை நாற்காலிகளுக்கான செலவல்ல. அதில் பெரும்பங்கு பள்ளி ஆசிரியர், செவிலியர், காவலர், கிராம நிர்வாக அலுவலர் போன்றோருக்குப் போவது. அரசு தரும் சேவையே அந்த மனிதர்கள்தான். இரண்டாவதாக, இந்த ஓய்வூதியச் செலவில் பெரும்பகுதி 2003க்கு முன் சேர்ந்தவர்களுக்கானது. புதியவர்களுக்கான பொறுப்பு இனிமேல்தான் வரப்போகிறது, அதற்கு இப்போதே எடுத்துவைக்காவிட்டால் பழைய தவறே திரும்பவும் நடக்கும்.

மற்ற மாநிலங்கள் பழைய திட்டத்துக்குத் திரும்பிவிட்டனவே?

2022இல் ராஜஸ்தான் தொடங்கிவைத்தது. சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சலப் பிரதேசம் தொடர்ந்தன. அறிவிப்பது எளிதாக இருந்தது. ஆனால் அந்த மாநில ஊழியர்களின் பணம் ஓய்வூதிய ஆணையத்திடம் இருந்தது. சட்டத்தில் இடமில்லை என்று அதைத் திருப்பித் தர ஒன்றிய அரசு மறுத்தது. தமிழ்நாட்டு நிதி மாநிலத்தின் கையிலேயே இருந்ததன் நன்மை இங்கேதான் தெரிகிறது. யாரிடமும் கையேந்தாமல் முறையை மாற்றிக்கொள்ளலாம்.

எல்லா மாநிலங்களும் பழைய முறைக்குத் திரும்பினால் மொத்தச் சுமை புதிய முறையைப்போல 4.5 மடங்கு வரை போகலாம் என்று ரிசர்வ் வங்கி இதழில் 2023இல் ஒரு கட்டுரை எச்சரித்தது. அந்தச் சுமை உச்சத்துக்கு வருவது இன்றைய இளைஞர்கள் ஓய்வு பெறும் ஆண்டுகளில். அறிவித்த அரசுகள் அன்று பொறுப்பில் இருக்கப் போவதில்லை.

ஒன்றிய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் எப்படி?

டி.வி.சோமநாதன் தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் 2024 ஆகஸ்ட் 24 அன்று அமைச்சரவை ஒப்புதல் தந்து, 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி. பத்தாண்டு முடித்தால் குறைந்தது 10,000 ரூபாய். இறந்தபின் துணைவருக்கு அதில் 60 சதவீதம். அகவிலை நிவாரணம் உண்டு. ஊழியர் பங்கு 10 சதவீதம், அரசு தருவது 18.5 சதவீதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் 23 லட்சம் ஒன்றிய ஊழியர்களில் மிகச் சிறு பகுதியினரே இதற்கு மாறினார்கள். சேர்த்த நிதியில் பெரும்பகுதியைக் கையில் வாங்கினால் மாத ஓய்வூதியம் அதற்கேற்பக் குறைகிறது என்பதுதான் பலரைத் தயங்கவைத்தது. 25 ஆண்டு என்ற நிபந்தனை, முப்பத்தைந்து வயதைத் தாண்டிப் பணிக்கு வந்தவர்களுக்கு எட்டாது.

தமிழ்நாடு அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தில் என்ன உள்ளது?

அதற்கு முன்கதை உண்டு. 2016இல் சாந்தா ஷீலா நாயர் தலைமையில் ஒரு குழு, அதன்பின் டி.எஸ்.ஸ்ரீதர் தலைமையில் அதே குழு, 2018இல் அறிக்கை. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம். 2021 தேர்தலில் பழைய திட்டத்தைக் கொண்டுவருவோம் என்ற வாக்குறுதி. 2025 பிப்ரவரியில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் மறுபடி ஒரு குழு. இவ்வளவுக்கும் பின் 2026 ஜனவரி 3 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இத்திட்டத்தை அறிவித்தார்.

கடைசி அடிப்படை ஊதியத்தில் 50 சதவீதம் உறுதியான ஓய்வூதியம். ஊழியரிடம் 10 சதவீதப் பிடித்தம் தொடரும், மீதிச் செலவு அரசுடையது. பணியில் இருப்பவர்களுக்கு இணையாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி உயர்வு. இறந்தபின் குடும்பத்துக்கு 60 சதவீதம். 25 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத பணிக்கொடை. பங்களிப்புத் திட்டத்தில் ஏற்கெனவே ஓய்வு பெற்று வெறும் கையோடு நிற்பவர்களுக்குச் சிறப்புக் கருணை ஓய்வூதியம். தொடக்கமாக ஓய்வூதிய நிதியத்துக்கு 13,000 கோடி, ஆண்டுதோறும் சுமார் 11,000 கோடி என்று அரசு செலவைக் குறிப்பிட்டது.

பிடித்தம் தொடர்கிறதே, அப்புறம் இது எப்படி வெற்றி?

சங்கங்களுக்குள்ளேயே கருத்து பிரிந்திருக்கிறது. பிடித்தமே கூடாது, பழையது பழையபடியே வேண்டும் என்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அதே அறையில் உட்கார்ந்திருக்கும் 2002இல் சேர்ந்த சக ஊழியருக்குப் பிடித்தம் இல்லை, 2004இல் சேர்ந்தவருக்கு உண்டு. ஆனாலும் பிடித்தத்தோடு கூடிய உறுதி ஓய்வூதியமே நீடிக்கும் என்று நான் நம்புகிறேன். ஊழியரின் பணம் உள்ளே இருக்கும்போது அந்த நிதியின் மேல் அவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை வருகிறது. பழைய முறையில் அப்படி ஒரு நிதியே இல்லாததால்தான் 2003இல் ஓர் அரசாணையால் அதை முடித்துவைக்க முடிந்தது.

எனக்குள்ள கவலை வேறு. அரசாணையில் வந்ததை அரசாணையில் எடுத்துவிடலாம். உறுதி உண்மையிலேயே உறுதியாக நிற்க மூன்று காரியங்கள் வேண்டும். சட்டமன்றத்தில் நிறைவேற்றிய தனிச் சட்டம் வேண்டும். அரசின் அன்றாடச் செலவுக்கு எடுக்க முடியாதபடி பிரித்துவைத்த நிதியம் வேண்டும், அதன் அறங்காவலர் குழுவில் ஊழியர் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். வரப்போகும் ஓய்வூதியங்களுக்கு நிதியம் போதுமா என்று மூன்றாண்டுக்கு ஒருமுறை வெளியார் கணிப்பு நடந்து, அது சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். போராட்டக் கோரிக்கைப் பட்டியலில் அகவிலைப்படி பாக்கிக்கும் சரண் விடுப்புக்கும் இருக்கும் இடம் இவற்றுக்கும் இருக்க வேண்டும்.

எட்டாவது ஊதியக் குழு வந்தால் சம்பளம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகுமா?

ஆகாது. யூடியூப் தலைப்புகளை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

பழைய அடிப்படை ஊதியத்தைப் புதியதாக மாற்றப் பெருக்கும் எண்தான் பெருக்குக் காரணி; அதை எப்படிப் படிப்பது என்று ஏழாவது ஊதியக் குழுவில் பார்ப்போம். அப்போது காரணி 2.57. ஆனால் 2016 தொடக்கத்தில் அகவிலைப்படியே 125 சதவீதம். அதாவது ஊழியர் ஏற்கெனவே அடிப்படை ஊதியத்தைப்போல 2.25 மடங்கு வாங்கிக்கொண்டிருந்தார். உண்மையான உயர்வு சுமார் 14 சதவீதம்தான். இப்போதும் அப்படியே கணக்கிடுங்கள். அகவிலைப்படி 60 சதவீதமாக இருக்கும்போது காரணி 1.60 என்றால் உயர்வே இல்லை. 2 என்றால் 25 சதவீத உயர்வு.

நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான எட்டாவது குழுவுக்கு 2025 நவம்பரிலிருந்து 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். மாநிலத்தில் அதன்பின் தனியாக அலுவலர் குழு அமைத்து முடிவெடுப்பது வழக்கம். கடந்தமுறை தமிழ்நாட்டில் புதிய ஊதியம் 2016 ஜனவரி 1 முதல் கருத்தியலாக நிர்ணயமானது, கையில் பணமாக வந்தது 2017 அக்டோபர் 1 முதல். இடைப்பட்ட 21 மாத நிலுவை வரவில்லை.

குறைந்தபட்ச ஊதியத்தை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

1957இல் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த நெறியை வைத்து. ஒரு குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு என்று கொண்டு, தேவையான அரிசி, பருப்பு, காய்கறி, பால், எண்ணெய், துணி, வாடகை, எரிபொருள் என்று கூட்டுகிறார்கள். உணவு அளவுகள் டாக்டர் அய்க்ராய்டின் ஊட்டச்சத்துப் பரிந்துரையிலிருந்து எடுத்தவை. அவர் நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர். இந்த வழியில்தான் ஒன்றிய அரசில் 18,000 ரூபாய் வந்தது. தமிழ்நாட்டில் பழைய 6,100ஐ 2.57ஆல் பெருக்கி 15,700 ஆக்கினார்கள், உச்சம் 2,25,000.

மூன்று அலகு என்பது கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள்; கணவனுக்கு ஓர் அலகு, மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு என்பதால் நால்வருக்கு மூன்று. வயதான பெற்றோர் அந்தக் கணக்கில் இல்லை. பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று 2007இல் சட்டம் போட்ட நாட்டில் இது பெரிய ஓட்டை. ஐந்து அலகாகக் கொள்ளுங்கள் என்ற ஊழியர் தரப்புக் கோரிக்கை என்னைப் பொறுத்தவரை முழுக்க நியாயமானது.

இடைநிலை ஆசிரியர்கள் ஏன் ஆண்டுதோறும் தெருவுக்கு வருகிறார்கள்?

2009 மே 31 வரை சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. அதே படிப்பு, அதே வகுப்பறை, அதே பாடநூல். 3,170 ரூபாய் இடைவெளி ஊதியத் திருத்தத்தில் 2.57 மடங்காகி, ஆண்டு உயர்விலும் அகவிலைப்படியிலும் ஓய்வூதியத்திலும் வாழ்நாள் முழுக்கத் தொடர்கிறது. ஊதியச் சீர்திருத்தம் என்று பேசுவோர் முதலில் தொட வேண்டிய இடம் இது.

தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு இதிலெல்லாம் என்ன கிடைக்கும்?

தொகுப்பூதியம் என்பது படிகளோ ஆண்டு உயர்வோ இல்லாமல் மாதம் ஒரே தொகையாகத் தருவது. அவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இதைச் சொல்லவே எனக்கு வருத்தமாக இருக்கிறது. சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் அங்கன்வாடிப் பணியாளரும் சிறப்புக் காலமுறை ஊதியத்தில் முப்பது ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றால், அவர்களுக்கான சிறப்பு ஓய்வூதியம் நெடுங்காலம் மாதம் 2,000 ரூபாயில் நின்றது. மேலே கணக்கில் பார்த்த ஊழியருக்குப் பழைய திட்டத்தில் 47,400 வருகிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2012இல் 5,000 ரூபாய்க்கு எடுத்த 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் ஓவியமும் தையலும் உடற்கல்வியும் கற்பித்துக்கொண்டே பணிநிரந்தரம் கேட்டார்கள். இவர்கள் போக, தனியார் நிறுவனங்கள் வழியாக ஒப்பந்தத்தில் எடுக்கப்படும் தூய்மைப் பணியாளர்கள் அரசின் கணக்கில் ஊழியர்களாகவே வருவதில்லை.

ஊதியச் செலவைக் குறைக்கிறோம் என்று நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் விட்டால் சுமை மறைவதில்லை, இவர்கள் முதுகுக்குப் போகிறது. எட்டாவது குழுவுக்குப் பின் மாநிலத்தில் கிடைக்கும் முதல் ரூபாய் இந்த வரிசைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேலே இருப்பவர்கள் ஒரு சுற்று காத்திருக்கலாம்.

தனியாரில் வேலை பார்ப்பவருக்கு இல்லாததை அரசு ஊழியர் மட்டும் ஏன் கேட்கிறார்?

தனியார் தொழிலாளிக்கும் வேண்டும். அவருக்கான 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014இல் நிர்ணயித்தார்கள். அதை உயர்த்தக் கேட்பதுதான் முறை. ஒருவருக்கு இல்லை என்பதற்காக இன்னொருவருடையதைப் பிடுங்கினால் இருவரும் முதுமையில் பிள்ளைகளை நம்பித்தான் நிற்க வேண்டும்.

நான் 2003க்குப் பின் சேர்ந்தவன். இப்போது என்ன செய்துவைக்க வேண்டும்?

பங்களிப்பு ஓய்வூதியக் கணக்குத்தாளை ஆண்டுவாரியாக எடுத்துப் பாருங்கள். மாறுதல், அயற்பணி, மகப்பேறு விடுப்பு, ஊதியமில்லா விடுப்பு முடிந்து திரும்பிய மாதங்களில்தான் பிடித்தம் நடந்தும் வரவு விடுபட்டிருக்கும். அந்த மாதங்களின் ஊதியச் சீட்டையும் பட்டியல் எண்ணையும் வைத்துக்கொண்டு, சம்பளம் வழங்கும் அலுவலர் வழியாக எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்கு அலுவலகத்தில் பதிவு இருக்காது.

பணிப்பதிவேட்டில் தகுதிகாண் பருவம், பணிவரன்முறை, ஒவ்வோர் ஆண்டின் பணிக்காலச் சரிபார்ப்பு ஆகிய பதிவுகள் கையொப்பத்தோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். 2003க்கும் 2006க்கும் இடையே தொகுப்பூதியத்தில் சேர்ந்து 2006 ஜூன் 1 முதல் காலமுறை ஊதியத்துக்கு வந்த ஆசிரியர்கள், முதல் பணியேற்பு ஆணையின் நகலைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். தொகுப்பூதியக் காலத்தை ஓய்வூதியத்துக்குச் சேர்க்கும் கோரிக்கை ஏற்கப்படும் நாளில் அந்தத் தாள்தான் ஆதாரம். வாரிசு நியமனப் படிவத்தைத் திருமணத்துக்கு முன் கொடுத்திருந்தால் அதை இன்றே மாற்றிக்கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்குங்கள். அரசு ஊழியருக்கான களஞ்சியம் செயலியில் உங்கள் பிறந்த தேதியும் பணியில் சேர்ந்த தேதியும் பணிப்பதிவேட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதையும் கூடவே சரிபார்த்துவிடுங்கள்.